ஸ்பேனரை நீ பிடி!

உன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள் நிற்கிறது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி. பள்ளி மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் உன்னைப் பள்ளிக்கும் டியூஷனுக்கும் சுமந்தது. இப்போது டயரில் காற்றில்லை. செயினில் துரு. சீட்டின் மேல் அம்மா உலரப் போட்ட கால்மிதி. நீயோ கட்டிலில் படுத்துக்கொண்டு, கார்பன் ஃபிரேம் சைக்கிள்களின் விலையைச் செல்போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாய். பார்த்து முடித்துப் பெருமூச்சு விடுகிறாய். "நமக்கெல்லாம் எங்கே" என்று போனைக் கவிழ்த்து வைக்கிறாய்.

எழுந்து உட்கார், தம்பி. உன்னிடம்தான் பேசுகிறேன்.

அந்த "நமக்கெல்லாம் எங்கே" இருக்கிறதே, உன் சைக்கிளில் முதலில் கழற்றி எறிய வேண்டிய பாகம் அதுதான். துருப்பிடித்த செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் பளபளக்கும். அந்தப் பெருமூச்சை எதில் ஊறப்போடுவாய்?

நல்ல சைக்கிள் வாங்காதே என்று நான் சொல்லவில்லை. சம்பாதி, வாங்கு, பறந்து போ. ஆனால் கையில் இருக்கும் சைக்கிளின் பின்சக்கரத்தில் எத்தனை பல் என்று தெரியாதவன் லட்ச ரூபாய் சைக்கிளை வாங்கினாலும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் பயணிதான். கடைக்காரர் சொன்னதை வாங்குவான், விளம்பரம் சொன்னதை மாட்டுவான், ஒரு பஞ்சர் ஆனால் நடுரோட்டில் நிற்பான். எனக்குத் தெரியும். நான் அப்படி நின்றவன்.

கல்லூரி முதலாண்டு. அப்பா ஓட்டிய 26 அங்குல சைக்கிள் எனக்கு வந்தது. ஒல்லி டயர். நண்பர்கள் எல்லாம் தடித்த டயர் போட்ட மவுண்டன் சைக்கிளில் வந்தார்கள். எனக்கும் ஆசை. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தோடு சென்னை பாரிமுனைப் பக்கம் போய், ஒரு கடையில் "26 இன்ச் டயர், நல்லா தடியா குடுங்க" என்றேன். கொடுத்தார்கள். இரண்டு டயர்களைத் தோளில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். நடத்துநர் டயருக்கும் டிக்கெட் கேட்டார். கொடுத்தேன், அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஏறவில்லை. ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் பிதுங்கியது. ஸ்குரூடிரைவரை நெம்புகோலாக வைத்தேன். டியூப்பில் இரண்டு ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். இரவு எட்டு மணிக்குச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனேன். அந்த அண்ணன் டயரைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். அதில் 26 x 1.75 என்று இருந்தது. என் பழைய டயரில் 26 x 1⅜. இரண்டும் 26தான், ஆனால் வேறு வேறு சக்கரத்துக்கானவை. புள்ளி வைத்த 26 டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் 559 மில்லிமீட்டர். என் 26 x 1⅜ டயருக்கு அது 590. முப்பத்தொரு மில்லிமீட்டர் வித்தியாசத்தை ஸ்குரூடிரைவரால் நெம்ப முடியாது.

"டயர்லயே எழுதியிருக்கே தம்பி. நீ படிச்ச புள்ளதானே?" என்றார்.

வாங்கிய கடையில் டயரைத் திருப்பி எடுக்கவில்லை. அந்தப் பணத்தைவிட அந்தக் கேள்விதான் பல நாள் குத்தியது. இயற்பியலில் 180 மதிப்பெண் வாங்கியவன் நான். நான் ஏறி உட்காரும் பொருளின் மேல் எழுதியிருந்த எண்ணைப் படித்ததில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் மாலை நேரங்களில் அந்தக் கடையில் போய் உட்கார்ந்தேன். சம்பளம் கிடையாது, டீ மட்டும். சக்கரத்தில் கோட்டம் எடுக்கக் கற்றேன். ஓவராயில் பண்ணும்போது கோனைக் கழற்றி, ஆக்சிலை உருவி, பால்ஸை எண்ணித் தட்டில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவக் கற்றேன். இடது பெடல் வழக்கத்துக்கு மாறான மரையில், எதிர்த்திசையில் கழலும் என்பதை ஒருநாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டிய பிறகு கற்றேன். கல்லூரியில் மூன்று வருடத்தில் வராத நிமிர்வு எனக்கு அந்த எண்ணெய்ப் பிசுக்கில் வந்தது.

நீயும் இறங்கு. செயினிலிருந்து தொடங்கு.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, இரும்பு ஒன்றும் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் இருக்கும் பின் தேய்கிறது. தூசியும் மணலும் எண்ணெயோடு சேர்ந்து அரம் மாதிரி ராவுகின்றன. நூறு கண்ணியிலும் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்தால் மொத்தச் செயினும் நீளும். பின்னுக்குப் பின் அரை அங்குலம் என்பது செயினின் கணக்கு. எனவே 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஆசாரிகள் வைத்திருக்கும் இரும்பு இன்ச் டேப்பை எடு. ஒரு பின்னின் நடுவில் சுழியை வை. 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடு நின்றால் செயின் நலம். ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்று. எட்டில் ஒரு பங்கு தள்ளிப்போகும் வரை விட்டாயானால், அது பல்சக்கரத்தையும் தின்றிருக்கும். அப்போது புதுச் செயின் போட்டாலும் பழைய பல்லில் அது துள்ளும், வழுக்கும். ஒரு பாகத்தோடு முடிந்திருக்க வேண்டிய செலவு மூன்று பாகத்துக்கு நீளும். பணக்காரன் அலட்சியமாக இருந்துவிட்டுப் போகட்டும். நமக்கு அது கட்டுப்படியாகாது.

அடுத்தது, எல்லோருக்கும் இருக்கும் கியர் மோகம். இருபத்தொரு கியர் வேண்டும் உனக்கு. ஏனென்றால் மேம்பாலம் ஏறும்போது மூச்சு வாங்குகிறது. சரி, உட்கார்ந்து பல்லை எண்ணு. நம் ஊர் பெரிய சைக்கிளில் முன்னால் 48, பின்னால் ஃப்ரீவீலில் 18 என்று பெரும்பாலும் இருக்கும். 28 அங்குலச் சக்கரத்தில், பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் ஓடும். பின்னால் இருக்கும் 18 பல்லை எடுத்துவிட்டு 22 பல் ஃப்ரீவீல் போடு. செயினில் ஓரிரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். இப்போது ஒரு சுற்றுக்கு 5 மீட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் ஓடும். சமதரையில் வேகம் கொஞ்சம் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் தங்கையை உட்காரவைத்து மேம்பாலம் ஏறும்போது தொடை எரியாது. ஒற்றைப் பாகம், ஒரு கணக்கு. அந்தக் கணக்கை நீ ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டாய்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 200 கிராம் குறையும் என்று ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்து ஒரு சீட் கம்பி வாங்குகிறார்கள். நீ 60 கிலோ, வண்டி 20 கிலோ. எண்பதில் 200 கிராம் என்பது கால் சதவீதம். தண்ணீர் பாட்டிலில் ஒரு டம்ளரைக் கொட்டிவிட்டுக் கிளம்பு.

உனக்கு ஒருவனைக் காட்டுகிறேன். கிரேம் ஓப்ரி, ஸ்காட்லாந்துக்காரன். சைக்கிள் கடை வைத்து நொடித்துப்போனவன். சைக்கிள் பந்தயத்தில் ஒரு மணி நேரச் சாதனை என்று ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் தனியாக மிதிக்கிறாய், அவ்வளவுதான் போட்டி. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984இல் மிதித்த 51.151 கிலோமீட்டரை ஒன்பது ஆண்டுகளாக யாரும் தாண்டவில்லை. ஓப்ரி தாண்டுவதென்று முடிவு செய்தான். பெரிய நிறுவனத்தின் வண்டி அவனுக்குக் கிடைக்காது. தானே ஃபிரேம் பற்றவைத்தான். முழங்கால்கள் இடிக்கக் கூடாது என்று மேல் பாரையே எடுத்துவிட்டான். கால்கள் நெருங்கிச் சுழல வேண்டும் என்று பெடல் அச்சைக் குறுக்கினான். அதற்குப் பேரிங் வேண்டுமே? துவைக்கும் இயந்திரம் அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதே, அதன் பேரிங் நன்றாகத்தான் இருக்கும் என்று அதைக் கழற்றி மாட்டினான். (இதை ஏன்தான் வெளியே சொன்னேனோ என்று அவன் பிற்பாடு நொந்துகொண்டான். எழுதியவர்கள் எல்லாம் அந்த பேரிங்கையே பிடித்துக்கொண்டு, அவன் யோசித்த மற்றவற்றை விட்டுவிட்டார்கள். நானும் அதே பாவத்தைச் செய்கிறேன்.) அந்த வண்டிக்குப் 'பழைய விசுவாசி' என்ற பொருளில் பெயரும் வைத்தான்.

1993 ஜூலை 16. நார்வேயின் ஹாமர் நகர். அதே வண்டியைப் பார்த்துத் தேர்ந்த கைகள் செய்து கொடுத்த புதிய நகலில் ஏறினான். தோற்றான், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் குறைவு. வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். இரவெல்லாம் தண்ணீர் குடித்து, ஒவ்வொரு முறை எழும்போதும் கால்களை நீட்டி மடக்கித் தளர்த்திக்கொண்டான். மறுநாள் காலை, தன் கையால் செய்த அந்தப் பழைய விசுவாசியிலேயே ஏறினான். 51.596 கிலோமீட்டர். உலகச் சாதனை.

ஆறே நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமன் அதை முறியடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் நான் உன்னை ஏய்த்தவனாவேன். ஓப்ரி மறுவருடம் ஏப்ரலில் 52.713 கிலோமீட்டர் மிதித்து அதைத் திரும்பப் பிடுங்கினான். பிறகு அவன் உட்காரும் முறையையே தடை செய்தார்கள். 1995இல் வேறொரு முறையில், கைகளை முன்னே நீட்டிக்கொண்டு, உலகச் சாம்பியன் ஆனான். கடையில் கிடைக்காததைச் செய்துகொண்டவனை எந்த விதியால் நிறுத்த முடியும்?

ஸ்காட்லாந்து தூரமாக இருக்கிறதா? புதுக்கோட்டைக்கு வா. 1990களின் தொடக்கம். ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்க வந்த பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரியில் கல்லுடைத்தவர்கள், வயலில் வேலை செய்தவர்கள். தெருவில் கேலி பேசினார்கள். மிதித்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை. சைக்கிள் வரட்டும் என்று காத்திருந்தார்களா? ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். அதிலும் சிலர் அதையே விரும்பினார்கள். ஏன் தெரியுமா? குறுக்கே ஒரு பார் இருக்கிறதே, அதில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம். நீயும் நானும் இடைஞ்சல் என்று நினைக்கிற பாரை அவர்கள் இருக்கையாகப் பார்த்தார்கள். இதைவிடப் பெரிய அப்கிரேடு எந்தக் கடையில் விற்கிறது?

இனி உன் பணத்துக்கு வருவோம். எதை முதலில் வாங்குவது? உயிரைக் காப்பதை. பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, முன்னால் ஒரு வெள்ளை விளக்கு. லாரிக்காரர் கண்ணுக்கு நீ தெரிய வேண்டும். தலைக்கு அளவான ஹெல்மெட், ஒருமுறை நன்றாக அடிபட்டால் அதை மாற்றிவிடு. பிறகு பிரேக். மழையில் குரோம் பூசிய இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், நீ கவனித்திருப்பாய். பணம் சேரும்போது அலுமினிய ரிம் கோத்துப் போடு. நனைந்தாலும் பிடிக்கும். என்னைக் கேட்டால் இந்த வண்டிக்கு இதுதான் ஆகச் சிறந்த மாற்றம். நல்ல டயர், எண் பார்த்து. நல்ல பூட்டு. மணி ஏற்கெனவே இருக்கிறது, ஒரு சொட்டு எண்ணெய் போதும். கலர் கலரான ஸ்டிக்கரும், ஸ்போக்கில் மாட்டும் மினுக்கு விளக்கும் ஆசைக்கு. அதையும் மாட்டிக்கொள், யார் வேண்டாம் என்றது? கடைசியில் மாட்டு.

இந்தச் சைக்கிளில் கல்லூரிக்குப் போனால் சிரிப்பார்கள் என்கிறாய். சிரிக்கட்டும். சிரிப்பவனின் வண்டி ஒருநாள் கேட்டருகில் பஞ்சர் ஆகும். நீ இறங்கி, பையிலிருந்து சொல்யூஷனும் உப்புத்தாளும் எடுத்து, பத்து நிமிடத்தில் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போ. கையைத் துடைத்துக்கொண்டே போ.

சரி, போதும் படித்தது. ஞாயிற்றுக்கிழமை வரட்டும். விடிந்ததும் அந்தக் கால்மிதியை எடுத்துக் கொடியில் போடு. பழைய செய்தித்தாளை விரித்து வண்டியைத் தலைகீழாக நிறுத்து. ஒரு துண்டுச் சீட்டில் டயரில் இருக்கும் எண்ணை எழுது. முன் பல், பின் பல் எண்ணி எழுது. செயினை அளந்து எழுது. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போ. கடை திறக்க ஒன்பது மணி ஆகும், அதற்குள் முடித்துவிடலாம்.