வினையும் விலைவாசியும்: ஊவாத் தோட்டங்களிலிருந்து எழும் ஒரு சமயக் கேள்வி

ஒரு நாட்டின் நாணயம் மதிப்பிழக்கும்போது அதன் சுமையைச் சுமக்கும் எளிய மக்கள் அச்சுமைக்கு என்ன காரணம் கற்பித்துக்கொள்கின்றனர் என்பதைப் பொருளியல் நூல்கள் பெரும்பாலும் ஆராய்வதில்லை. இலங்கையின் ஊவா மாகாணத்திலுள்ள பதுளை மாவட்டத்தில், பசறை, லுணுகலை, அப்புத்தளை, ஹாலிஎல, கொஸ்லாந்தை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியும் முந்தைய துயரங்களைப் போலவே தலையெழுத்து என்ற சொல்லுக்குள் அடக்கப்பட்டது. துயருற்றவர் தம்மை ஆற்றிக்கொள்ளச் சொல்லும்போது அச்சொல்லைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் சைவம் கூறும் வினைக்கொள்கையின் பெயரால் அது போதிக்கப்படும்போது, அக்கொள்கை உண்மையில் அவ்வாறுதான் சொல்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

நெருக்கடிக்கான காரணங்கள் மறைபொருளாக இருக்கவில்லை. 2019 டிசெம்பரில் பெறுமதிசேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டதால் அரசின் வருவாய் சரிந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தபோதும் ரூபாயின் மதிப்பு செயற்கையாகப் பிடித்துவைக்கப்பட்டது. இறுதியில் 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாயைத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், அதாவது ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் பொருட்களின் விலைமாற்றத்தைக் காட்டும் அளவுகோல், அவ்வாண்டு செப்டெம்பரில் 69.8 வீதப் பணவீக்கத்தைக் காட்டியது. உணவுப் பொருட்களில் மட்டும் அது 94.9 வீதம்.

இந்த எண்கள் லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீட்டு அறையின், அடுப்படியில் எவ்வாறு இறங்கின என்பதைச் சற்று விரிவாகக் காண வேண்டும். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. நெருக்கடியின் உச்சத்திலும் அதே 1,000 ரூபாய்தான் கிடைத்தது. முதலில் ஐந்து டொலருக்கு ஈடாக இருந்த அத்தொகை மூன்று டொலருக்கும் கீழே இறங்கியது. 2021இன் பெரும்பகுதியில் 380 ரூபாய்க்கு விற்ற 400 கிராம் பால்மா 2022 மார்ச்சில் 790 ரூபாயானது. லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் அவ்வாண்டு ஓகஸ்ட்டில் ஒரே நாளில் 340 ரூபாயாக உயர்ந்தது. தோட்டக் குடும்பங்கள் காலையிலும் இரவிலும் ரொட்டி தட்டும் கோதுமை மாவின் விலையும் எட்டாத உயரத்துக்குப் போனது. விலை ஏறியது மட்டுமன்றி வரவும் குறைந்தது. உரமின்றிச் செடி தளிர்க்காதபோது கொழுந்து குறையும். நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோ அளவு நிறையாவிட்டால் முழுப்பேர் விழாது, அரைப்பேரே விழும், அதாவது அன்றைய வேலைக்குப் பாதிச் சம்பளமே கணக்கில் எழுதப்படும். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு வீழ்ந்ததன் பொருள் மலைச்சரிவில் கூடை சுமந்த பெண்ணுக்கு இதுதான். வேளைக்கு இத்தனை ரொட்டி என்ற கணக்கு சுருங்கியது. பிள்ளைகளின் தேநீரிலிருந்து பால் நீங்கியது. காதிலும் கழுத்திலும் இருந்த சிறு பொன் அடகுக்கடைக்குப் போனது. தோட்டத்துறை மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதாக 2023இல் உலக வங்கி கணித்தது.

இதே காலத்தில் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை ரூபாய்க் கணக்கில் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ இருமடங்காயிற்று. கொழுந்தின் விலை உயர்ந்தும் அதைப் பறித்த கையின் விலை உயரவில்லை என்னும் இவ்வுண்மையைத் தலையெழுத்து என்ற சொல் எவ்வாறு விளக்கும்?

தோட்ட மக்களின் வறுமைக்கு அவர்களுடைய திருவிழாச் செலவே காரணம் என்று குற்றஞ்சாட்டுவோர் எக்காலத்திலும் உண்டு. மாரியம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு சேரும் வரிப்பணம், மாசியில் ஆடும் காமன் கூத்து, ஊவா மாகாணத்திலேயே உள்ள கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்ட யாத்திரை ஆகியவற்றை வீண்செலவு என ஒதுக்குவது எளிது. எனினும் உணவையே அளந்து உண்ட காலத்திலும் ஒரு சமூகம் எதைக் கைவிட மறுத்தது என்பதிலிருந்து அது எதனை வாழ்வென்று கருதுகிறது என்பது புலப்படும். தமக்கென நிலமோ வீட்டுரிமையோ பெரும்பாலோர்க்கு இல்லாத இடத்தில், எல்லோரும் கூடித் தமதென்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே கட்டடம் பல தோட்டங்களில் கோயிலாகவே இருக்கிறது. அதற்குக் கொடுத்த பணம் வீணாயிற்று என்று கூறுவது பெரும் அநீதி.

இனி வினைக்கொள்கைக்கு வருவோம். சைவ சித்தாந்தம் வினையை மூவகையாகப் பகுக்கிறது: பல பிறவிகளில் ஈட்டித் தொகுக்கப்பட்டிருப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்தது பிராரத்தம், நுகரும்போதே புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். வினை அறிவற்ற சடப்பொருளாதலால் அது தானே சென்று தன்னைச் செய்தவனைப் பற்றாது என்றும், செய்தவனை அறிந்து அவனிடம் பயனைச் சேர்ப்பவன் இறைவன் என்றும் சித்தாந்தம் வற்புறுத்துகிறது. ஆகவே ஒருவர் செய்தது இன்னொருவர் கணக்கில் ஏறுவதை இக்கொள்கை ஒப்புவதில்லை. தலைநகரில் எடுக்கப்பட்ட வரிமுடிவின் விளைவைப் பசறைத் தோட்டத்துக் குழந்தை பாலின்றி அனுபவித்ததை அக்குழந்தையின் வினை என்று கூறி முடித்துவிடுபவர், செய்தவனுக்கே பயன் என்னும் அடிப்படையையே தளர்த்துகிறார்.

இதற்குச் சித்தாந்தி ஒரு மறுப்புரை கூறக்கூடும், அது வலுவானதே: பிற உயிர்களைக் கருவியாகக் கொண்டும் ஒருவருடைய பிராரத்தம் அவரை வந்தடையலாம், எனவே ஆட்சியாளரின் தவறு வெறும் வாயில் மட்டுமே என்பர். வாதத்துக்காக இதை ஏற்றாலும், அவ்வாயிலாக நின்றவர் தம் விருப்பத்தால் செய்த செயல் அவருக்கு ஆகாமியமாக ஏறுகிறது. துன்புறுவோரின் பழவினை துன்புறுத்தியவரை விடுவிப்பதில்லை. தமிழ்க் காப்பிய மரபு இதை நன்கு உணர்ந்திருந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனின் கொலை, முற்பிறவியில் பரதன் என்னும் பெயரோடு இருந்தபோது சங்கமன் என்ற வணிகனை ஒற்றனெனப் பொய்யாகக் காட்டிக் கொல்வித்ததன் பயன் என்று மதுராபுரித் தெய்வம் கண்ணகிக்கு விளக்குகிறது. அப்படியிருந்தும் அக்கொலைக்கு ஆணையிட்ட பாண்டியன் தன் தவற்றைக் கோவலனின் ஊழின்மேல் சுமத்தாமல் தானே ஏற்று அரியணையில் உயிர்விடுகிறான். ஊழும் உண்டு, அரசனின் பிழையும் உண்டு. முன்னதைக் காட்டிப் பின்னதை மன்னிக்க அக்காப்பியத்தைப் பாடிய இளங்கோ முற்படவில்லை.

ஊவாவின் பெரும்பான்மைச் சமயமான பௌத்தமும் இங்கே துணை நிற்கிறது. மனிதர் நுகரும் இன்பதுன்பங்கள் எல்லாம் முன்வினையாலேயே வருகின்றனவா என்று மோலிய சீவகன் என்னும் துறவி கேட்டபோது, புத்தர் பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவமாற்றம் முதலாக எட்டுக் காரணங்களைச் சொல்லி, வினைப்பயனை அவற்றுள் ஒன்றாக மட்டுமே வைத்ததாகச் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. தோட்டத்தில் கோயிலும் அருகிலுள்ள கிராமத்தில் விகாரையும் இருக்கும் பதுளையில், இரு சமயத்தாரையும் ஒருங்கே தாக்கிய துயரைத் தலையெழுத்தென்று ஒதுக்க இரு மரபுகளுமே இடந்தரவில்லை என்பது கருதத்தக்கது.

செய்தவர் யார் என்னும் கேள்விக்கு இலங்கையில் ஒரு விடையும் பதிவாகியிருக்கிறது. 2023 நவம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றத்தின் ஐவர் கொண்ட அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், முன்னாள் சனாதிபதிகளான கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர் உள்ளிட்டோர் பொது நம்பிக்கையை மீறி நெருக்கடிக்குக் காரணமாயினர் எனத் தீர்ப்பளித்தது. பொது நம்பிக்கை என்பது, அதிகாரம் மக்களின் உடைமை, ஆள்வோர் அதனை மக்களுக்காகப் பேணும் காவலர் மட்டுமே என்னும் கோட்பாடு. மக்களுக்கு இழப்பீடு வழங்குமாறு அத்தீர்ப்பு பணிக்கவில்லை. 1,000 ரூபாய் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்வதற்கு 2024 செப்டெம்பர் வரை தோட்ட மக்கள் காத்திருக்க நேர்ந்தது.

தோட்டக் கோயில்களின் அறநெறிப் பாடசாலைகளில் வினையைக் கற்பிக்கும் ஆசிரியர்களும், திருவிழா மேடைகளில் பேசும் சமயச் சொற்பொழிவாளர்களும், பிராரத்தத்தைச் சொல்லும்போது ஆகாமியத்தையும், கோவலனின் ஊழைச் சொல்லும்போது பாண்டியனின் பொறுப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தம் துன்பத்துக்குத் தாமே காரணம் என்று இனியும் ஒரு தலைமுறையை நம்பவைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.