பௌத்தத்தில் நல்லுறக்கம்

நல்ல தூக்கம் எதனால் வருகிறது என்பதைப் பாளி பௌத்த நூல்கள் பெரும்பாலும் ஓர் அறக் கேள்வியாகவே எடுத்துக்கொள்கின்றன. கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் ஏட்டிலேறியதாக மரபு கூறும் திரிபிடகத்தில் கட்டில், மெத்தை, விரிப்பு பற்றிய விதிகள் ஏராளம். ஆனால் அவற்றுக்கும் நிம்மதியான உறக்கத்துக்கும் பெரிய தொடர்பில்லை என்பது அந்நூல்களின் நிலைப்பாடு. பகலில் மனம் எப்படி இருந்ததோ, இரவில் உறக்கமும் அப்படியே அமையும் என்று அவை கருதின.

அங்குத்தர நிகாயத்தில் வரும் ஓர் உரையாடல் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆளவி நகரையொட்டிய சிம்சபா மரக் காட்டில், மாடுகள் நடந்து இறுகிய தடத்தின் மேல் இலைகளைப் பரப்பிப் புத்தர் தங்கியிருந்தார். காலார நடந்துவந்த ஹத்தகன் என்ற இளவரசன், இரவு நன்றாகத் தூங்கினீர்களா என்று விசாரித்தான். தூங்கினேன், உலகில் நன்றாகத் தூங்குகிறவர்களில் நானும் ஒருவன் என்றார் புத்தர். ஹத்தகனால் நம்ப முடியவில்லை. பனிக்காலம், அதிலும் உறைபனி விழும் எட்டு நாள், குளம்பு பட்டுக் கரடுமுரடான தரை, மெல்லிய இலைப்பரப்பு, உடுத்திய காவியோ குளிர் தாங்காது, வாடைக்காற்று வேறு. இத்தனைக்கும் நடுவே நல்ல தூக்கமா?

புத்தர் மறுகேள்வி கேட்கிறார். உள்ளும் புறமும் சாந்து பூசி, காற்றுப் புகாமல் கதவும் சன்னலும் அடைத்த மாடவீடு, கம்பளமும் மான்தோலும் விரித்து, மேலே விதானம் கட்டி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் சிவப்புத் தலையணை வைத்த கட்டில், எண்ணெய் விளக்கு, பணிவிடைக்கு நான்கு மனைவியர். இப்படி வாழும் செல்வன் நன்றாகத் தூங்குவானா? தூங்குவான் என்கிறான் ஹத்தகன். காமத்தால் எழும் காந்தல் அவன் உடலிலோ உள்ளத்திலோ பற்றிக்கொண்டால்? தூங்க மாட்டான். வெகுளியால் எழுந்தால்? மயக்கத்தால் எழுந்தால்? அப்போதும் தூங்க மாட்டான். அந்த மூன்றையும் வேரோடு அறுத்துவிட்டதால்தான் இலைப்படுக்கையிலும் தனக்கு உறக்கம் வருகிறது என்று புத்தர் முடிக்கிறார். திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரமும் இதே மூன்றின் பெயரைச் சொல்லித்தான் முடிகிறது.

இந்த உரையாடலில் பஞ்சணையை யாரும் பழிக்கவில்லை. செல்வன் தூங்குவான் என்ற பதிலைப் புத்தர் மறுக்கவும் இல்லை. அந்தத் தூக்கத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்று மட்டும் காட்டுகிறார். தருக்க முறைப்படி பார்த்தால், வசதி மட்டும் போதாது என்பதே இதனால் நிறுவப்படுகிறது. மன அமைதி மட்டும் போதும் என்ற மறுபாதிக்குச் சான்று, பேசுகிறவரின் சொந்த அனுபவம் ஒன்றுதான். அந்த மறுபாதி எல்லாருக்கும் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது.

அதே கேள்வியை வேறொருவரும் புத்தரிடம் கேட்டிருக்கிறார். சாவத்தியின் பெருவணிகர் அனாதபிண்டிகர் முதன்முதலாகப் புத்தரைச் சந்தித்தபோது நலம் விசாரித்ததும் தூக்கத்தைப் பற்றித்தான். காமத்தில் ஒட்டாமல் உள்ளம் குளிர்ந்தவன் எப்போதும் சுகமாகவே தூங்குகிறான் என்பது அவருக்குக் கிடைத்த விடை. கேட்டவரோ அந்த இரவு சரியாகத் தூங்காதவர். மறுநாள் புத்தரைப் பார்க்கப் போகும் ஆவலில், விடிந்துவிட்டதென்று மூன்று முறை விழித்தெழுந்தவர். நல்ல ஆசையும் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதை நூல் எந்த விளக்கமும் இல்லாமல் பதிவு செய்திருக்கிறது.

தூக்கத்தைக் கெடுக்கும் அச்சத்தைப் பற்றிய கதை உதான நூலில் இருக்கிறது. சாக்கியர்களிடையே அரசாண்டு பிறகு துறவு பூண்ட பத்தியர், காட்டில் மரத்தடியில் இருந்தபடி ஆகா சுகம், ஆகா சுகம் என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். அரண்மனைச் சுகத்தை நினைத்து ஏங்குகிறார் என்று மற்றப் பிக்குகள் எண்ணினார்கள். அவர் தந்த விளக்கம் வேறு. அரசனாக இருந்தபோது அரண்மனைக்கு உள்ளும் வெளியிலும், நகரத்துக்கு உள்ளும் வெளியிலும் காவல் இருந்தும் அச்சம் போகவில்லை. இப்போது காவலே இல்லாத காட்டில் அச்சமில்லை என்றார் அவர்.

வெகுளிக்கு நேர் மருந்தாகச் சொல்லப்படுவது மேத்தை, அதாவது எல்லா உயிர்களிடத்தும் அன்பு பாராட்டும் தியானம். அதன் பயன்கள் 11 என்று அங்குத்தர நிகாயம் எண்ணுகிறது. சுகமாகத் தூங்குதல், சுகமாக விழித்தல், கெட்ட கனவு காணாதிருத்தல் ஆகியவையே முதல் மூன்று. தீயும் நஞ்சும் தீண்டாமை போன்ற அற்புதங்களும், இறந்தபின் பிரம்மலோகம் சேர்வதும் அந்தப் பட்டியலில் பின்னால்தான் வருகின்றன. கோபத்தை அறுத்தவன் சுகமாகத் தூங்குகிறான் என்ற கருத்து சம்யுத்த நிகாயத்திலும் உண்டு.

இங்கே ஒரு முரண் தலைகாட்டுகிறது. விழிப்பையே பெரும் பண்பாகப் போற்றும் சமயம், தன் ஆசானை நன்றாகத் தூங்குகிறவர் என்று ஏன் சொல்ல வேண்டும்? பிக்குவின் இரவு மூன்று யாமங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதல் யாமத்தில் நடந்தும் அமர்ந்தும் தியானம். நடு யாமத்தில் மட்டும் வலப்பக்கமாகச் சாய்ந்து, காலின் மேல் கால் வைத்து, எழ வேண்டிய நேரத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, சிங்கம் போலப் படுக்கை. கடைசி யாமத்தில் மீண்டும் எழுச்சி. இரவில் மூன்றில் ஒரு பங்குதான் உறக்கம். மந்தமும் துயிலும் தியானத்தின் ஐந்து தடைகளுள் ஒன்றாகவும் எண்ணப்பட்டன.

இந்தத் தடைக்குத் தலைமைச் சீடர் மொக்கல்லானரும் தப்பவில்லை. தியானத்தில் தூங்கி விழுந்த அவருக்குப் புத்தர் படிப்படியாகச் சொன்ன உபாயங்கள் சுவையானவை. தூக்கம் தரும் எண்ணத்தை விடுவது, கற்ற அறத்தைச் சிந்திப்பது, அதை உரக்க ஓதுவது, காதைப் பிடித்து இழுத்துக் கைகால்களைத் தேய்த்துவிடுவது, கண்ணைக் கழுவிக்கொண்டு விண்மீன்களைப் பார்ப்பது, உள்ளத்தில் ஒளியை நினைப்பது, எழுந்து நடப்பது. எதுவும் பலிக்காவிட்டால் கடைசி உபாயம், வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கிவிடுவது. தூக்கத்தோடு முடிவில்லாமல் மல்லுக்கட்டச் சொல்லவில்லை என்பது இந்த அறிவுரையின் சிறப்பு.

பகல் தூக்கம் குறித்தும் குற்றச்சாட்டு எழுந்தது. நிகண்ட (சமண) மரபினரான சச்சகர், நீர் பகலில் தூங்கியது நினைவிருக்கிறதா என்று புத்தரிடம் நேராகவே கேட்டார். கோடையின் கடைசி மாதத்தில், உண்டபின், மேலாடையை நான்காக மடித்து விரித்துத் தூங்கியது உண்டு என்று புத்தர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அதை மயக்கத்தில் கிடப்பது என்று சிலர் சொல்வதாகச் சச்சகர் சுட்டியபோது, ஒருவன் மயங்கியவனா இல்லையா என்பதை அது தீர்மானிக்காது, மறுபிறவிக்கு வித்தாகும் மாசுகள் அற்றனவா என்பதே தீர்மானிக்கும் என்று பதில் வந்தது. முரண் இங்கே அவிழ்கிறது. குறைவாகத் தூங்குவது ஒழுக்கம். நன்றாகத் தூங்குவது அந்த ஒழுக்கத்தின் விளைவு. அளவும் தரமும் வெவ்வேறு என்று பௌத்தம் கொண்டது.

படுக்கை விதிகள் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டியவை. இலங்கையில் போயா எனப்படும் முழுநிலா நாளில் எட்டுச் சீலம் காக்கும் இல்லறத்தார் உயர்ந்த படுக்கையையும் ஆடம்பரப் படுக்கையையும் தவிர்க்க உறுதி எடுக்கிறார்கள். எட்டாவது சீலம் அது. லிச்சவி குலத்தார் கட்டையைத் தலைக்கு வைத்துப் படுக்கும் வரை மகத மன்னன் அஜாதசத்துவால் அவர்களை வெல்ல இடம் கிடைக்காது, பஞ்சணையில் விடியும் வரை தூங்கத் தொடங்கினால் இடம் கிடைத்துவிடும் என்று புத்தர் எச்சரித்ததாகவும் ஒரு சூத்திரம் உண்டு. அதே ஆளவியில் இன்னொரு விதியும் பிறந்தது. இல்லறத்தாரோடு ஒரே கூடத்தில் படுத்த இளம் பிக்குகள் ஆடை விலகிக் கிடந்து, உளறி, குறட்டை விட்டு மானத்தை வாங்கியதால், அப்படிச் சேர்ந்து படுப்பது தடுக்கப்பட்டது. காவி உடுத்தவர்கள் எல்லாரும் புத்தரைப் போலத் தூங்கவில்லை என்பதைத் துறவிகளின் விதிநூலான விநயம் மறைக்கவில்லை.

உடலின் வலியையும் நூல்கள் மறைப்பதில்லை. ராஜகிருகத்தில் காலில் கல் சில்லுப் பட்டுக் கடும் வேதனையோடு புத்தர் படுத்திருந்தபோது, என்ன சோம்பல் இது என்று, மனத்தைக் கலைக்க வரும் மாரன் ஏளனம் செய்கிறான். வேறொரு சமயம், முதுகு வலிப்பதால் சற்றுச் சாய வேண்டும் என்று சொல்லி, உபதேசிக்கும் பொறுப்பைப் புத்தர் சாரிபுத்தரிடம் ஒப்படைக்கிறார். மூன்று மாசுகளும் அறுந்தவருக்கும் உடல்நோய் உண்டு. நோயால் கெடும் தூக்கத்துக்கு ஆளவி உரையாடலில் மருந்து தேடுவது தவறு. அதற்கு விநயத்தின் மகாவக்கத்தில் மருந்துகளுக்கென்றே தனி இயல் இருக்கிறது. தலைவலிக்கு உச்சியில் எண்ணெய் தேய்க்கவும், கைகால் வாதத்துக்கு வேது பிடிக்கவும் பிக்குகளுக்கு அதில் அனுமதி உண்டு.