கால் பிடித்துவிட்ட கைகள்

சயாம் மரண ரயில் என்று சொன்னால் மலேசியத் தமிழர்களுக்கு இன்றும் நெஞ்சு பதறும். 1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய ராணுவம் காட்டை அழித்து, பாறையைக் குடைந்து, தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை அது. 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 12,000 பேர் மாண்டார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் என்று அங்கே மடிந்த கூலித் தொழிலாளர்களோ அதைப்போலப் பல மடங்கு.

அந்தப் பாதையில் எமன் வாசல்வரை போய்த் திரும்பியவர் எர்னஸ்ட் கார்டன். ஸ்காட்லாந்துக்காரர், பிரிட்டிஷ் தரைப்படையின் ஹைலேண்டர் பிரிவு ஒன்றில் கேப்டன். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது அவர் தப்பி சுமத்ராவுக்குப் போனார். அங்கிருந்து சிலரோடு சேர்ந்து ஒரு பாய்மரப் படகில் இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். நடுக்கடலில் ஜப்பானியக் கப்பல்கள் அவர்களைப் பிடித்துவிட்டன. மறுபடி சிங்கப்பூர், சாங்கி சிறை. பிறகு குவாய் ஆற்றங்கரையில் சுங்காய் முகாம்.

முகாமில் கொடுத்தது தீட்டிய அரிசிச் சோறு, அதுவும் அரைவயிறு. தவிட்டோடு போய்விடும் சத்து உடம்பில் இல்லாவிட்டால் பெரிபெரி வரும். கை கால் மரத்துப்போகும், நீர் கோத்து வீங்கும். கார்டனுக்கு அது வந்தது. கூடவே மலேரியா, சீதபேதி, தொண்டை அடைப்பான், எலும்புவரை அரிக்கும் கால் புண்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பிழைக்க வழியில்லாதவர்களைக் கிடத்தும் கொட்டகையில் அவரையும் கொண்டுபோய்ப் போட்டார்கள். கைதிகள் அதற்கு வைத்த பெயர் சாவு வீடு.

அந்த நாளில் சுங்காய் எப்படி இருந்தது தெரியுமா? அடுத்தவன் சோற்றைத் திருடினார்கள். செத்துக்கொண்டிருப்பவனின் உடைமையை உருவினார்கள். ஆரம்பத்தில் பிரார்த்தனை செய்தவர்கள் பலர், விடுதலை வரவில்லை என்றதும் விட்டுவிட்டார்கள். கார்டனும் அப்போது கடவுள் நம்பிக்கையில் பிடிப்பு உள்ளவர் அல்ல. பட்டினியில் மனிதன் கீழே இறங்குவதைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை.

அப்போதுதான் இரண்டு பேர் வந்தார்கள். நண்பர்கள் கட்டிக்கொடுத்த ஒரு மூங்கில் குடிசைக்கு கார்டன் மாற்றப்பட்டிருந்தார். டஸ்ட்டி மில்லர் ஊரில் தோட்டக்காரர், மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். டிண்டி மூர் கத்தோலிக்கர். இருவருக்கும் உடம்பு நன்றாக இல்லைதான். ஆனாலும் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். மில்லர் முதலில் புண்ணைக் கழுவுவார், சீழைத் துடைப்பார், கந்தையை அலசி மறுபடி கட்டுவார். பிறகு செத்துப்போன அந்தக் கால்களைப் பாதத்திலிருந்து மேலே நீவி நீவிப் பிடித்துவிடுவார். இன்று, நாளை, மறுநாள் என்று அது நடந்துகொண்டே இருந்தது. முகம் சுளிக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. கார்டன் கேட்டபோதுதான் தன் நம்பிக்கையைப் பற்றிப் பேசினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கால்களில் உணர்வு வந்தது. கார்டன் எழுந்து நின்றார், நடந்தார்.

இறைவன் எந்த வழியாக வருவான் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோமே, கார்டனிடம் அவன் வந்தது இந்த வழியாகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காதில் விழுந்த பிரசங்கத்தால் மாறாத மனம், காலைத் தொட்ட கையால் மாறியது.

முகாமும் மாறிக்கொண்டிருந்தது. கார்டனின் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு வீரர், நோயில் கிடந்த தோழனுக்குத் தன் சோற்றையும் போர்வையையும் கொடுத்தே உயிர்விட்டார். இன்னொரு நாள் மாலை, ஒரு மண்வெட்டி குறைகிறது என்றான் காவலாளி. எடுத்தவன் முன்னால் வராவிட்டால் அத்தனை பேரையும் கொல்வேன் என்று துப்பாக்கியைத் தூக்கினான். ஒருவர் முன்னால் வந்து நின்றார். அந்த இடத்திலேயே அவரை அடித்துக் கொன்றான். முகாமுக்குத் திரும்பி எண்ணிப் பார்த்தால், மண்வெட்டிகள் எல்லாம் சரியாக இருந்தன. கார்டன் இதைத் தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட சம்பவங்கள் வாய்வழியாகப் பரவப் பரவ, ஆட்கள் நோயாளிகளுக்குக் கால் பிடித்துவிடக் குழு சேர்த்தார்கள், காலிழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்தார்கள். ஓர் ஆஸ்திரேலியர் வந்து கேட்டுக்கொண்டதால் கார்டன் வேதாகம வகுப்பு நடத்தத் தொடங்கினார். நம்பிக்கை இல்லாதவராக இருந்தவர் ஆசிரியரானார்.

நம் மக்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தோட்டத்துத் தமிழர்கள் கிடந்த கூலி முகாம்களில் ராணுவ டாக்டரும் இல்லை, செத்தவரின் பெயரை எழுதி வைக்க ஆளும் இல்லை. 1943-இல் காலரா வந்தபோது கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அந்த ஆண்டு சிங்கப்பூரிலிருந்து கைதி டாக்டர்களும் உதவியாளர்களும் இந்த முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கே படை, எல் படை என்று அவர்களுக்குப் பெயர். கையில் மருந்து போதாது. இருந்தும், தாங்களே கைதிகளான அவர்கள் முன்பின் தெரியாத கூலிக்காரர்களின் அழுக்கைக் கழுவினார்கள். கார்டனுக்கு ஒரு மில்லர் வாய்த்தார். அந்தத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. அவர்களுக்காகவும் இன்று பிரார்த்திப்போம்.

பாதை முடிந்தபின் ஒருநாள், கைதிகளை ஏற்றிவந்த ரயில் ஒரு நிலையத்தில் நின்றது. பக்கத்துத் தண்டவாளத்தில் பர்மா போர்முனையிலிருந்து வந்த ஜப்பானியக் காயக்காரர்களின் வண்டி. புண்ணில் புழு; கவனிக்க ஆளில்லை. கார்டனோடு இருந்தவர்கள் இறங்கி, தண்ணீரும் தங்கள் சோற்றில் பங்கும் கந்தைத் துணியும் எடுத்துப்போய் அந்தப் புண்களைக் கழுவினார்கள். இவர்கள் எதிரிகள் அல்லவா என்று ஒரு நேசநாட்டு அதிகாரியே சீறினார். அவருக்கு கார்டன் நல்ல சமாரியன் கதையை நினைவூட்டினார்.

போர் முடிந்து கார்டன் ஊர் திரும்பினார். மில்லரும் மூரும் திரும்பவில்லை. மூர் ஏறியிருந்த கைதிக் கப்பல் மூழ்கியது. மில்லரை ஒரு காவலாளி சிலுவையில் அறைந்து கொன்றதாகப் பின்னால் கார்டனுக்குத் தெரியவந்தது. கார்டன் இறையியல் படித்துப் போதகரானார். 1955 முதல் 1981 வரை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். 1962-இல் வெளிவந்த அவருடைய சிறைமுகாம் நூல் இன்றும் அச்சில் வந்துகொண்டிருக்கிறது.