விடையும் வயதும்

ஈடிபஸ் ஸ்ஃபிங்ஸின் விடுகதையை அவிழ்க்கும் காட்சியைப் பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் 1808-இல் ரோமில் வரைந்தார். அப்போது அவர் அங்கே பயிலும் மாணவர், வயது 28. இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள இந்த எண்ணெய் வண்ண ஓவியம், தெளிந்த கோடுகளும் கிரேக்கச் சிற்பங்களின் உடலமைதியும் கூடிய நவசெவ்வியல் பாணியைச் சேர்ந்தது.

பெண் முகமும் சிங்க உடலும் சிறகும் கொண்ட ஸ்ஃபிங்ஸ், தீப்ஸ் நகருக்குப் போகும் வழியை மறித்துக் கேட்டது: காலையில் நான்கு காலால், நண்பகலில் இரண்டு காலால், மாலையில் மூன்று காலால் நடப்பது எது? விடை தெரியாதவர்கள் அதற்கு இரையானார்கள். தவழும் குழந்தையும், நிமிர்ந்து நடக்கும் இளைஞனும், கோலூன்றும் முதியவனும் ஒருவரே என்று கண்ட ஈடிபஸ், 'மனிதன்' என்றான்.

ஓவியத்தில் அவன் ஒரு காலைப் பாறைமேல் ஊன்றி, முன்சாய்ந்து, குகையிருளில் இருக்கும் ஸ்ஃபிங்ஸை நேருக்கு நேர் பார்க்கிறான். கீழே எலும்புகளோடு, தோற்றவன் ஒருவனின் வெளிறிய பாதம் தெரிகிறது. பின்னால் ஒருவன் அஞ்சி ஓடுகிறான். ஈடிபஸ் முகத்தில் அச்சமில்லை; பின்கதை தெரிந்தவர்களை உறுத்துவது அந்தத் துணிவுதான்.

ஈடிபஸ் என்ற பெயருக்கு 'வீங்கிய கால்' என்று பொருள். பிறந்தவுடன் கணுக்கால்களில் துளையிட்டு மலையில் விடப்பட்ட குழந்தை அவன். காலைப் பற்றிய விடுகதையை அவிழ்த்தவனுக்குத் தன் கால் தழும்பின் கதை தெரியவில்லை. தான் அறியாமல் கொன்றது தந்தையை, மணந்தது தாயை என்று பின்னாளில் அறிந்தபோது தன் கண்களைத் தானே குத்திக்கொண்டான். அதன்பின் கோலூன்றி அலைந்தான். மனிதன் யார் என்பதை ஒரு நொடியில் சொன்னவனுக்கு, தான் யார் என்று தெரியப் பாதி வாழ்நாள் ஆயிற்று.

அறிவால் கிடைக்கும் விடை விரைவில் வரும். வாழ்ந்து கிடைக்கும் விடைக்கு வயது வேண்டும். ஆங்கரும் இந்தக் காட்சியை ஒரே முறையில் முடித்துவிடவில்லை. 1827-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காக அதே ஓவியத்தைப் பெரிதாக்கித் திருத்தினார். 1864-இல், எண்பது வயதைக் கடந்தபின், மீண்டும் ஒன்று வரைந்தார். அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள அந்த ஓவியத்தில் காட்சியே இடவலமாக மாறியிருக்கிறது.