அரசன் அழைக்கும் முன் தீர்க்க வேண்டிய கடன்

மகத நாட்டின் எல்லையில் கலவரம் மூண்டது. அடக்கிவிட்டு வரும்படி பிம்பிசார மன்னன் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டான். புறப்பட வேண்டிய வீரர்களில் சிலருக்கு மனம் உறுத்தியது. போருக்குப் போனால் கொலைப் பாவம் சேரும். புத்தரின் துறவிகளோ அறவழியில் வாழ்கிறார்கள். நேரே துறவிகளிடம் போய்த் தலையை மழித்துக்கொண்டார்கள். படையில் ஆள் குறைந்த செய்தி மன்னன் காதுக்கு எட்டியது. அரச சேவகனுக்குத் துறவு கொடுத்தவருக்கு என்ன தண்டனை என்று நீதிபதிகளைக் கேட்டான். தலையை வெட்டலாம், நாக்கைப் பிடுங்கலாம் என்றார்கள். பிம்பிசாரன் புத்தரிடம் பக்தி கொண்டவன். யாரையும் தண்டிக்காமல் அவரிடமே போய், பக்தி இல்லாத மன்னர்கள் இதையே சாக்காக வைத்துத் துறவிகளைத் துன்புறுத்தக்கூடும் என்று எடுத்துச் சொன்னான். அரச சேவையில் இருப்பவனுக்குத் துறவு கொடுக்கலாகாது என்று புத்தர் விதித்தார். விநய பிடகத்தின் மகாவக்கம் சொல்லும் கதை இது.

அந்த விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை. இலங்கையில் இன்றும் உபசம்பதா என்னும் முழுத் துறவு பெற வருகிறவரைச் சபை நடுவே நிறுத்திச் சில கேள்விகள் கேட்கிறார்கள். அவர் எவருக்கும் அடிமைப்படாதவரா, கடன் இல்லாதவரா, அரச சேவையிலிருந்து நீங்கியவரா, தாய் தந்தையின் அனுமதி பெற்றவரா? எவ்வளவு உயர்ந்த நோக்கத்தோடு வந்தாலும் இவற்றுக்குப் பதில் சொல்லாமல் உள்ளே போக முடியாது. புதிய கடமை எத்தனை பெரியதாக இருந்தாலும் பழையதைத் தானாக அழித்துவிடாது என்பதே இந்தக் கேள்விகளின் அடிப்படை.

இன்றைய இளைஞர்கள் பலருக்கு இதே சிக்கல் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. அவர்கள் அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து படைமுகாமுக்குப் போக வேண்டியவர்கள். இலங்கையில் கட்டாய இராணுவ சேவை இல்லை. ஆனால் தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் அது ஒவ்வொரு குடும்பத்தின் நாட்காட்டியிலும் இருக்கிறது. 1965இல் தனிநாடான சிங்கப்பூர், கோ கெங் சுவீ பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, 1967 மார்ச்சில் தேசிய சேவைக்குச் சட்டம் இயற்றியது. முதல் அணி அந்த ஆகஸ்டிலேயே முகாமுக்குள் நுழைந்தது. உடல் தகுதியுள்ள ஆண் பிரஜைகளும், நிரந்தர வதிவிட உரிமை பெற்றோரின் மகன்மாரும் 18 வயது முதல் அழைக்கப்படுகிறார்கள். முன்பு பலருக்கு இரண்டரை ஆண்டாக இருந்த முழுநேரச் சேவை, 2004 இறுதியில் எல்லோருக்கும் இரண்டு ஆண்டாகக் குறைந்தது. மறுப்பவருக்குச் சிறையும் அபராதமும் உண்டு.

உயர்தரப் பரீட்சை ஆண்டு முடிவில் நிறைவடையும். அழைப்புத் திகதி சில வாரங்களிலோ மாதங்களிலோ வரும். அந்த இடைவெளியில் பையன்கள் தற்காலிக வேலை தேடுகிறார்கள். கோப்பு அடுக்குவது, கணினியில் விவரம் பதிவது, வரவேற்பு மேசையில் தொலைபேசி எடுப்பது என்று கிடைத்ததைச் செய்கிறார்கள். பிறகு ஒரு நாள் மேலாளரிடம் போய் நிற்க வேண்டும். சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டம் இதில் மிக இலகுவானது. ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், 26 வாரங்களுக்குக் குறைவாக வேலை செய்தவர் ஒரே ஒரு நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும்.

சட்டம் ஒரு நாளோடு விட்டுவிடுகிறது. மனச்சாட்சி எத்தனை நாள் கேட்கும்?

நாட்டைக் காக்கப் போகிறவனுக்கு இந்தச் சின்ன அலுவலகம் ஒரு பொருட்டா என்று பெற்றோரே சொல்வதுண்டு. ஆனால் படைக்குப் போவது பிறப்பாலும் சட்டத்தாலும் வந்த கடமை. அவனுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அலுவலக மேசையை அவன் தானாகக் கேட்டுப் பெற்றான். ஒருவரும் வற்புறுத்தாமல் கொடுத்த வாக்கு அது. ஒருவனுடைய குணத்தை அளக்க வேண்டுமானால், சிறைக்கு அஞ்சிச் செய்யும் பெரிய கடமையை விட, எவருக்கும் அஞ்சாமல் செய்யும் சிறிய கடமையே நல்ல அளவுகோல்.

வேலைக்குச் சேரும்போதே அழைப்புத் திகதி கையில் இருந்தும் அதை மறைப்பவர்கள் உண்டு. ஆறு மாதம் இருக்கக்கூடிய ஆள் வேண்டும் என்று விளம்பரத்தில் இருக்கும், தலையாட்டிவிட்டுச் சேர்வார்கள். பொய் சொல்லவில்லையே, கேட்கவில்லை அதனால் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் உண்மைக்கு வைக்கும் உரைகல் வேறு. பிறருக்குத் தீமை விளையாத சொல்லே வாய்மை என்கிறார். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அடுத்த குறளிலேயே ஒரு வாசலையும் திறக்கிறார். அந்த வாசலுக்குள் இந்தப் பையன் நுழைய முடியாது. அவனுடைய மௌனத்தால் வரும் நன்மை முழுவதும் அவனுக்கு. தீமையோ, அவன் போன மறுநாள் அரைகுறைக் கோப்புகளோடு உட்காரும் சக ஊழியருக்கு; அதிலும் பெரும்பாலும் அவனைப் போலவே குறைந்த சம்பளத்தில் இருக்கும் ஒருவருக்கு.

போர்க்களமும் கடமையும் என்றவுடன் எல்லோருக்கும் கீதை நினைவுக்கு வரும். வில்லைக் கீழே போட்ட அர்ச்சுனனைக் கண்ணன் எழுப்பிய கதையைக் காட்டி, போருக்குப் போவதே தர்மம் என்று முடித்துவிடுவார்கள். கீதையின் மூன்றாம் அத்தியாயம் போரோடு நிற்கவில்லை. பலனில் பற்று வைக்காமல் செயலைச் செம்மையாகச் செய்யச் சொல்கிறது. இந்தப் பாடத்தைப் பழக ஒரு தற்காலிக அலுவலக வேலையை விடப் பொருத்தமான இடம் அரிது. அங்கே பதவி உயர்வு கிடையாது. வருட முடிவில் போனஸ் கிடையாது. இன்று திறக்கும் கோப்பு எப்படி முடிந்தது என்று பார்க்கக்கூட அவன் அங்கே இருக்கமாட்டான். அப்படியிருந்தும் எண்களைச் சரிபார்த்து, அடுத்து வருகிறவருக்குப் புரியும்படி குறிப்பு எழுதி வைத்தால், முகாமில் யாரும் கற்பிக்காத ஒழுக்கத்தை அவன் முன்பே கற்றுவிட்டான்.

இவ்வளவும் போகிறவனின் பக்கம். போகவிடுகிறவரின் பக்கத்தை இலங்கையின் தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தேயிலையும் ரப்பரும் கலந்த இந்தக் கேகாலை மாவட்ட மலைகளில், ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவது ஒரு காலத்தில் தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. கங்காணியிடம் வாங்கிய முற்பணம் கழுத்தில் கிடந்தது. அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ கையில் இருந்தால்தான் வேறு தோட்டம் ஏற்கும். புதிய இடம் அந்தத் தொகையைக் கட்டும். கடன் ஆளோடு சேர்ந்து இடம் மாறும். மனிதனை விலை பேசியதற்கு ஒப்பான இந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனாளிக்குத் துறவு இல்லை என்ற விநய விதியும், கடனாளிக்கு வெளியேற்றம் இல்லை என்ற துண்டு முறையும் மேலோட்டமாக ஒன்றுபோலத் தெரியலாம். முன்னது கடன் கொடுத்தவனின் உரிமையைக் காத்தது. பின்னது கடனையே உண்டாக்கி ஆளைக் கட்டி வைத்தது. வேலைக்கு எடுத்தவர் நேர்மையாக நடக்காத இடத்தில், விட்டுப் போகிறவனிடம் மட்டும் நேர்மையை எதிர்பார்ப்பது அநியாயம்.

அந்த அநியாயம் வடிவம் மாறி இன்றும் இருக்கிறது. தோட்டத்தில் பேர் பதியாமல் கைக்காசுக்கு வேலை வாங்குவதையும், நகரத்தில் ‘நீ தற்காலிகம்தானே’ என்று சொல்லிச் சேமலாப நிதி கட்டாமல் விடுவதையும் பலரும் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியரையும் உள்ளடக்குகிறது. ஊழியரிடமிருந்து 8 வீதம், தொழில்தருநரிடமிருந்து 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம். சில மாதமே இருந்தவனுக்கும் அந்தச் சில மாதக் காசு சொந்தம்.

அழைக்கும் அரசிடமும் கேட்க ஒரு கேள்வி உண்டு: போக மனம் ஒப்பாதவனை என்ன செய்வது? கி.பி. 295இல் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்ஸாவில், முன்னாள் படைவீரரின் மகனான மக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞன், கிறிஸ்தவனான தான் ஆயுதம் ஏந்த முடியாது என்று சொல்லித் தலையைக் கொடுத்தான். சிங்கப்பூரில் யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் பதிவு 1972இல் நீக்கப்பட்டது. சேவையை மறுக்கும் அவர்களுடைய பிள்ளைகள் இராணுவத் தடுப்பு முகாமுக்குப் போகிறார்கள். மகத வீரர்களின் உறுத்தல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

சுவிட்சர்லாந்து இதற்கு ஒரு விடை கண்டது. யுத்தத்துக்குத் தப்பி அங்கே போன ஈழத் தமிழர்களின் பிள்ளைகள் பலர் இன்று சுவிஸ் பிரஜைகள். ஆண்களுக்கு இராணுவ சேவை கட்டாயம். துப்பாக்கிக்குத் தப்பி வந்த தந்தையின் மகனுக்கு, 18 வாரப் பயிற்சிக்கு வரும்படி கடிதம் வருகிறது. மனச்சாட்சி தடுத்தால் 1996 முதல் அவனுக்குச் சிவில் சேவை என்ற வழி இருக்கிறது: முதியோர் இல்லம், வைத்தியசாலை, காடு பேணல். தொடக்கத்தில் ஒரு குழு அவனை உட்கார வைத்து மனச்சாட்சியை விசாரித்தது. 2009இல் அந்த விசாரணை கைவிடப்பட்டது. இராணுவச் சேவையை விட ஒன்றரை மடங்கு நாள் உழைக்க அவன் முன்வருவதே போதிய சான்று என்று அரசு ஏற்றுக்கொண்டது. ஒருவனின் உள்ளத்தை விசாரணை மேசையில் அளக்க முடியாது, அவன் செயலில்தான் காண முடியும் என்று ஒரு நவீன அரசு ஒப்புக்கொண்டது பெரிய காரியம். தொழில்தருநருக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. சேவை 11 நாட்களுக்கு மேற்பட்டதானால், அதற்கு முந்திய நான்கு வாரங்களிலும் பிந்திய நான்கு வாரங்களிலும்கூட நிரந்தர ஊழியரை வேலையிலிருந்து நீக்க முடியாது.

இதன் முழு எதிர்ப்பக்கத்தையும் தமிழர் கண்டிருக்கிறார்கள். இறுதி யுத்த காலத்தில் வன்னியில் விடுதலைப் புலிகள் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைப் பிடித்துப் போனபோது, திகதி சொல்லவும் இல்லை, மாற்று வழி கொடுக்கவும் இல்லை, விடைபெறவும் விடவில்லை. பிள்ளையைக் கேட்டு நின்ற தாய்மாருக்குப் பதில் சொல்ல ஆளிருக்கவில்லை. பிம்பிசாரனுக்குத் தோன்றிய தயக்கம்கூட அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எந்த இலட்சியமும் இதை நியாயப்படுத்தாது.

தெரணியகலையிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகக் கடிதம் வரும்வரை அவிசாவளைக்கும் கொழும்புக்கும் தற்காலிக வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் படையிலிருந்து அழைப்பு வரப்போவதில்லை. ஆனால் அவர்கள் நிற்கும் இடமும் இதுவே. போகும் நாள் தெரிந்தால் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்பதைச் சொல்லுங்கள். அதனால் ஒரு வேலை கை நழுவினாலும் பரவாயில்லை. கையில் இருக்கும் வேலையை எழுத்தில் ஒப்படைத்துவிட்டு எழுந்திருங்கள். தொழில்தருநர்களே, கடைசி நாள் சம்பளத்தை அன்றைக்கே கொடுங்கள்; சேமலாப நிதி இலக்கத்தைப் பிள்ளை கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எழுதிக் கொடுங்கள்.