பிறருடைய பருவம்

களவு என்றால் என்ன என்று கேட்டால், பிறர் பொருளை எடுப்பது என்று சிறு பிள்ளையும் சொல்லும். பொருளை மட்டுந்தானா களவாடலாம்? ஓர் உயிருக்குரிய பருவத்தையும் களவாட முடியுமா? வாசகர்களே, இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

ஒல்லாந்து நாட்டின் ஓக் மரக் காடுகளில் ஈப்பிடிப்பான் குருவிகளுள் ஓர் இனம் கூடு கட்டுகிறது. குளிர்காலத்தை மேற்கு ஆபிரிக்காவிற் கழித்து, சகாராப் பாலைவனத்தைத் தாண்டி, வசந்தத்தில் அது வந்து சேரும். ஓக் மரம் தளிர்க்கும்போது புழுக்கள் பெருகும். இலை முற்றியதும் அவை மண்ணுக்குள் இறங்கிவிடும். இடைப்பட்ட சில வாரங்களே குஞ்சுகளுக்கு விருந்துக் காலம்.

வசந்தம் வெப்பமடையவே, மரமும் புழுவும் முந்திக்கொண்டன. குருவியோ புறப்படும் நாளைப் பகற்பொழுதின் நீளத்தைக் கொண்டு அறிவது. ஐரோப்பாவில் வெப்பம் கூடியதை ஆபிரிக்காவிலிருந்து அது எவ்வாறு அறியும்? 1980 முதல் 2000 வரையில், முட்டையிடும் நாளை அது ஏறக்குறைய 10 நாட்கள் முற்படுத்திக்கொண்டது. அதுவும் போதவில்லை. புழுக்கள் மிக முந்தித் தோன்றும் காடுகளில், இரு பத்தாண்டுகளுள் இக்குருவிகள் சுமார் 90 வீதம் குறைந்துவிட்டன என 2006ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர்.

புழுவுக்காவது நன்மைதானே என்பீர்கள். அதுவுமில்லை. தளிர் வருமுன் பொரித்த புழு சில நாட்களிலேயே பட்டினியால் மடிகிறது.

புழுவை உண்ணும் குருவி மீது குற்றமில்லை, பசிக்கு உண்கிறது. ஆனால் நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துப் பருவங்களைக் குழப்பிய மனிதன் மீது?

“வேண்டுமென்று செய்யவில்லையே” என்று சிலர் கூறுவர். அறியாதிருந்த காலத்துக்கு அச்சொல் பொருந்தும். அறிந்த பின்னர் பொருந்தாது. “உலகம் என்றும் மாறித்தானே வந்தது” என்பர் வேறு சிலர். உண்மைதான். அந்தப் புழு இனத்திலேயே பொரிக்கும் நாள் சற்றுப் பின்தள்ளிப்போய், தளிரோடு மீண்டும் இசைந்து வந்திருக்கிறது. ஆனால் எல்லா உயிர்களுக்கும் அது வாய்ப்பதில்லை. நாம் விரைந்து மாற்றும் உலகத்தில் அவை மெல்லத்தான் மாற முடியும்.

“என் பங்கு கடுகளவு” என்பதே நம்மிற் பலரின் மறுமொழி. நூறு பேர் கூடித் தள்ளிய பாறை ஒரு குடிசையை நசுக்கினால், நூற்றில் ஒருவன் நான் என்று எவனும் கை கழுவ முடியுமா? எனினும் எல்லோருக்கும் ஒரே அளவு கடன் என்பதும் நீதியன்று. மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையின் கடனும், மூன்று கார் வைத்திருப்பவரின் கடனும் ஒன்றல்ல. அதிகம் எரித்த நாடுகள் அதிகம் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவை. அதற்காகக் குறைவாக எரித்தவன் வீணாக எரிக்கலாம் என்றும் ஆகாது.

களவு கொடுத்தவன் முறையிடுவான். குருவிக்கு முறையிட வாயில்லை. வாயில்லாதவரிடம் எடுத்ததும் களவுதான் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். நாமும் அதன்படி நடப்போம்.