வெறுங்கையோடு திரும்புவது

புதிதாக வேட்டை பழகுகிற ஒருவன் தன் முதல் பறவையை எங்கே தேட வேண்டும்? யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய பொது நிலத்திலா, காசு கட்டி நுழையும் தனியார் நிலத்திலா? அமெரிக்காவின் தென் டகோட்டா மாநிலத்தில் வருடாவருடம் அக்டோபரில் எழுகிற கேள்வி இது. கேட்பவர்கள் செலவையும் வசதியையும் மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். எனக்கு இது அறம் சார்ந்த கேள்வியாகப் படுகிறது. ஒரு உயிரைக் கொல்லப் பழகுகிறவன் கூடவே வேறு எதையெல்லாம் பழகுகிறான் என்ற கேள்வி.

நான் வேட்டைக்காரன் இல்லை. துப்பாக்கியைக் கையில் பிடித்ததுகூட இல்லை. வேலை நிமித்தமாக இரண்டு மாதம் அந்த மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் இருந்தேன். ஒரு தொழிற்சாலையில் எங்கள் இயந்திரங்களைப் பொருத்தி ஓட்டிக் காட்டும் வேலை. அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை ஃபெசன்ட் சீசன் திறக்கிறது. அந்த வாரம் பெட்ரோல் நிலையம், மோட்டல், சாப்பாட்டுக் கடை என்று எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுத் தொப்பிகளும் நாய்களும்தான். ஆலையில் என்னோடு வேலை செய்த ஒரு மூத்த டெக்னீஷியன், "சும்மா பின்னாலே நடந்து வா, போதும்" என்று கூப்பிட்டார். போனேன்.

ஃபெசன்ட் என்றால் நம்மில் பலருக்குச் சட்டென்று படம் வராது. மலாயில் குவாங் என்கிறோமே, அந்தப் பறவைகளின் சொந்தக்காரன். கோழி, மயில், காடை எல்லாம் ஒரே குடும்பம். சேவலுக்குச் செம்பு நிற மார்பு, கழுத்தில் வெள்ளை வளையம், நீண்ட வால். பெட்டை காய்ந்த புல்லின் நிறத்தில் இருக்கும். இது அமெரிக்காவின் சொந்தப் பறவையும் இல்லை. 1880களின் தொடக்கத்தில் ஷாங்காயில் அமெரிக்கத் தூதராக இருந்த ஓவன் டென்னி, சீனாவிலிருந்து ஓரிகனுக்குக் கப்பலில் அனுப்பிவைத்த பறவைகள் அங்கே பெருகின. தென் டகோட்டாவில் 1919இல், ஒரே ஒரு மாவட்டத்தில், ஒரே ஒரு நாள் முதல் வேட்டைக்காலம் நடந்தது. 1943இல் அதையே மாநிலப் பறவையாக அறிவித்துவிட்டார்கள். கப்பலில் வந்திறங்கிய பறவை மாநிலச் சின்னமானது, கப்பலில் வந்தவர்களின் கொள்ளுப்பேரனான எனக்குப் பிடித்திருந்தது.

விதிகள் எளிமையானவை. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் மூன்று சேவல். பெட்டையைத் தொடக்கூடாது. ஒரு சேவல் பல பெட்டைகளோடு இணைவதால், சேவல்கள் குறைந்தாலும் அடுத்த வருடக் குஞ்சுகள் பெரிதாகக் குறைவதில்லை. காலை 10 மணிக்கு முன்னால் சுடக்கூடாது.

அன்று நாங்கள் போனது பொது நிலம். காட்டு வாத்துகளுக்காக மத்திய அரசு வாங்கிப் பாதுகாக்கும் சதுப்பும் புல்வெளியும். வாத்து வேட்டைக்காரர்கள் உரிமத்தோடு கட்டாயம் வாங்க வேண்டிய ஒரு முத்திரை உண்டு. இப்படிப்பட்ட நிலங்களை வாங்க அந்தப் பணம்தான் போகிறது. அங்கே ஈய ரவை போட்ட தோட்டா கூடாது. தண்ணீரில் ஈயம் சேர்ந்தால் வாத்துகள் தின்று சாகும் என்பதால் எஃகு ரவைதான்.

முதல் பாடம், கார்க் கதவைச் சத்தமில்லாமல் மூடுவது. படாரென்று சாத்தினால் அரை மைல் தள்ளியிருக்கும் சேவல்கூட ஓடத் தொடங்கிவிடும் என்றார். இரண்டாவது, காற்று முகத்தில் அடிக்கும்படி நடப்பது. நாய்க்கு வாசனை அப்போதுதான் கிடைக்கும். மூன்றாவது, நம் அவசரத்துக்கு நடக்காமல் நாயின் வேகத்துக்கு நடப்பது. சம்பங்கோரைக்குள் முட்டியளவு சேற்றில் நான்கு மணி நேரம். எட்டோ ஒன்பதோ பெட்டைகள் காலடியிலிருந்து பறந்தன. மூன்று சேவல்கள் துப்பாக்கிக்கு எட்டாத தூரத்தில் எழுந்து போயின. ஒன்றை அவர் சுட்டு வீழ்த்தினார். இன்னொன்று இறக்கையில் அடிபட்டு விழுந்து, எழுந்து, கோரைக்குள் ஓடிவிட்டது. நாயோடு நாற்பது நிமிடம் தேடினோம். கிடைக்கவே இல்லை.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இன்னிக்கு எனக்கு ரெண்டு ஆச்சு" என்றார். பையில் இருந்தது ஒன்றுதான். கிடைக்காத அந்தப் பறவையையும் தன் மூன்றில் ஒன்றாகக் கணக்கு வைத்துக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் ஒரு அதிகாரி இல்லை, கேட்க ஆள் இல்லை. நான்கூட அவருடைய விருந்தாளிதான். விளையாட்டுக்காரனுக்கு எதிரே பார்வையாளர் கூட்டம் இருக்கும், வேட்டைக்காரனுக்கு இருக்காது; அவனை நடத்துவது அவன் மனசாட்சி மட்டும்தான் என்ற பொருளில் ஆல்டோ லியோபோல்டு எழுதியிருக்கிறார். படித்தபோது அழகான கருத்து என்று கடந்துபோயிருந்தேன். அன்றுதான் அது எப்படி இருக்கும் என்று பார்த்தேன்.

தனியார் நிலத்தின் இன்னொரு முகம், கட்டண வேட்டைப் பண்ணை. அங்கே பறவைகள் கூண்டில் வளர்கின்றன. வேட்டைக்கு முன்னால் கொண்டுவந்து புல்லில் விடுகிறார்கள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. பறவையின் தலையை இறக்கைக்கு அடியில் செருகி, கையில் வைத்து மெல்லச் சுழற்றி, மயங்கியதும் புல்லுக்குள் கிடத்திவிடுவது. நாய் வந்து மோப்பம் பிடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். பறவைக்கு இவ்வளவு என்று விலை. பல மாநிலங்களில் பண்ணைகளுக்குச் சீசன் நீளம், பெட்டையையும் சுடலாம். புதியவர் யாரும் ஏமாற்றத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது கிள்ளானில் இருக்கும் நண்பன் கேட்டான்: "ஏன் மச்சான், காசு குடுத்தா கோழி கெடைக்கும்னா, எதுக்குடா சேத்துல நாலு மணி நேரம் அலையணும்?" நல்ல கேள்வி. நம்மூர் மீன்பிடிக் குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு இவ்வளவு என்று கட்டி உட்கார்ந்தால், நேற்று லாரியில் வந்து இறங்கிய மீனைத் தூண்டிலில் பிடித்துப் படம் எடுத்துப் போடலாம். சிங்கப்பூரில் இரவெல்லாம் இறால் பிடிக்கும் குளங்களும் அப்படித்தான். யாரும் அதைக் குற்றம் என்று சொல்வதில்லை. நானும் போயிருக்கிறேன், ஜாலியாகத்தான் இருந்தது.

பண்ணைக்கு ஆதரவாக இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. காயம்பட்டு ஓடிய அந்தச் சேவல். நாற்பது வருடப் பழக்கம் உள்ளவர் சுட்டதே அப்படி ஆனது என்றால், கைநடுங்கும் புதியவர் சுட்டால்? பொது நிலத்தில் பறவை எங்கிருந்து எழும் என்று தெரியாது. திடீரென்று காலடியில் இறக்கை வெடிக்கும். சேவலா பெட்டையா என்று பார்க்க வேண்டும், பக்கத்தில் நடப்பவர் எங்கே என்று பார்க்க வேண்டும், தூரத்தைக் கணிக்க வேண்டும். எல்லாம் இரண்டு மூன்று வினாடிக்குள். பண்ணையில் வழிகாட்டி பக்கத்தில் நிற்பார், பறவை கிட்டத்தில் எழும், பழகிய நாய் இருக்கும். பாதி செத்து ஓடும் பறவைகள் குறையும். வலியைக் குறைப்பதுதான் அறம் என்றால் புதியவரைப் பண்ணைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இந்த வாதத்தை ரொம்ப நாள் மனதில் போட்டு உருட்டினேன். கடைசியில் எனக்குப் பட்டது இதுதான். அது இரண்டு வேறு படிப்புகளை ஒன்றாக்குகிறது. குறி பார்ப்பது ஒரு படிப்பு. அதற்கு உயிர் தேவையில்லை. கோடை முழுக்க களிமண் தட்டை வீசிச் சுட்டுப் பழகலாம், ஊரூருக்கு அதற்கான மைதானம் இருக்கிறது. சுடாமல் இருக்கப் பழகுவது இன்னொரு படிப்பு. தூரம் அதிகம், விடு. பெட்டையாக இருக்கலாம், விடு. ஆள் நிற்கிறார், விடு. பண்ணையில் இந்தப் படிப்புக்கு எதிராக ஒன்று வேலை செய்கிறது. அந்தப் பறவைக்கு ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது. பறந்து போனால் அது என் நஷ்டம். இன்னும் கொஞ்ச தூரம்தானே, சுடு என்று பில் சொல்லும். எங்கள் ஆலையிலும் பார்த்திருக்கிறேன். முன்பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு 'இன்றைக்கு ஓட்டக்கூடாது, நாளைக்குப் பார்ப்போம்' என்று சொல்வது ரொம்பக் கஷ்டம்.

இதற்குப் பின்னால் பறவை யாருடையது என்ற பழைய கேள்வியும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1671ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவர்களுக்கும் அவர்களுக்கு இணையானவர்களுக்குமே வேட்டையை ஒதுக்கியது. தன் வயலில் மேய்கிற பறவையைச் சாதாரண விவசாயி தொட முடியாது. திருட்டு வேட்டைக்காரர்களைத் தடுக்க, கால் இடறினால் வெடிக்கும் துப்பாக்கிகளைப் புதருக்குள் கட்டிவைத்தார்கள். 1827இல்தான் அதற்குத் தடை வந்தது. அமெரிக்கா வேறு வழியில் போனது. காட்டுயிர் நிலத்துக்காரனின் சொத்து இல்லை. மக்கள் சார்பில் மாநிலம் அதற்கு அறங்காவலர் என்ற கருத்து அங்கே வேரூன்றியது. 1937லிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. அந்த ஊர் ஏழைப் பையன் ஒருவன் உரிமம் எடுத்து, பழைய துப்பாக்கியோடு பொது நிலத்தில் இறங்கினால், அவனும் கோடீஸ்வரனும் அங்கே ஒன்றுதான். பறவைக்கு இருவரும் ஒரே தூரம். பண்ணை சத்தமில்லாமல் பழைய இங்கிலாந்துக்குத் திரும்புகிறது. புதருக்குள் துப்பாக்கி கட்டுவதில்லை, விலைப்பட்டியல் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பொது நிலத்தை ரொம்பவும் புனிதப்படுத்தக்கூடாது. சீசன் திறக்கும் நாள் அங்கே கார்கள் வரிசை கட்டி நிற்கும். ஒருவர் நடக்கும் புல்லுக்குள் இன்னொருவர் குறுக்கே இறங்குவதும் நடக்கும். அதைவிட முக்கியம், அந்த மாநிலத்தின் பெரும்பகுதி தனியார் கையில்தான் இருக்கிறது. ஃபெசன்ட் கூடு கட்டுவது பெரும்பாலும் விவசாயிகளின் புல்லில். 1985இல் தொடங்கிய மத்தியத் திட்டம் ஒன்று, உழாமல் புல்லாக விட்டுவைக்கும் நிலத்துக்கு விவசாயிக்கு வாடகை கொடுக்கிறது. சோளத்தின் விலை ஏறிய வருடங்களில் பலர் அந்தப் புல்லை மறுபடி உழுதார்கள், பறவைகளும் குறைந்தன. ஆக, பொது நிலத்தில் என் முன்னால் எழும் 'யாருக்கும் சொந்தமில்லாத' சேவல், யாரோ ஒரு விவசாயி உழாமல் விட்ட மூலையில் பொரித்ததாக இருக்கலாம். அவருக்கு நாம் ஒன்றும் கடன்படவில்லை என்று சொல்ல முடியாது.

அதனால்தான் எனக்கு மூன்றாவது வழி முக்கியமாகத் தெரிகிறது. விவசாயியின் கதவைத் தட்டி அனுமதி கேட்பது. தனியார் நிலம்தான், ஆனால் கடை இல்லை. துப்பாக்கியைக் காரிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், சீசனுக்கு முன்பே போக வேண்டும், திறந்த கேட்டை மூடிவிட்டு வர வேண்டும். அவர் முடியாது என்று சொன்னால் நன்றி சொல்லித் திரும்ப வேண்டும். அந்த மறுப்பும் பறவை பறந்து போவதும் எனக்கு ஒரே பாடமாகத்தான் தெரிகிறது. நமக்கு வேண்டும் என்பதாலேயே ஒன்று நமக்கு உரியதாகிவிடாது.

கொல்லாமை அதிகாரத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே கேட்பார்கள்: எங்கே சுட்டால் என்ன, கொலை கொலைதானே? சாகிற பறவையைப் பொறுத்தவரை முழு உண்மை. வேட்டையே வேண்டாம் என்பவரோடு வாதம் செய்ய என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் நான் அந்த இடத்தில் நிற்கவில்லை. பாசாரில் உரித்த கோழியைக் கிலோக் கணக்கில் வாங்குகிறவன் நான். அந்தக் கோழி தப்பிப் போயிருக்கலாம் என்ற நினைப்புக்கே என் சமையலறையில் இடம் இருந்ததில்லை. காசு கொடுத்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் புகார். நாம் எல்லோரும் ஏற்கெனவே பண்ணையில்தான் பழகியிருக்கிறோம். தப்பிக்க நிஜமான வழியுள்ள ஒரு பறவையைப் பின்தொடர்ந்து நான்கு மணி நேரம் நடக்கிறவனுக்காவது ஒரு உயிர் எவ்வளவு கனம் என்று கொஞ்சம் தெரியும். பண்ணையிலிருந்து தப்பும் பறவைக்கு அந்த வழியும் சரியாக இல்லை. கூண்டில் வளர்ந்த ஃபெசன்ட்டுகளில் பெரும்பாலானவை வெளியே விட்ட சில வாரங்களில் நரிக்கோ பருந்துக்கோ இரையாகிவிடுகின்றன. அங்கே குறி தவறினாலும் அது பிழைப்பது அபூர்வம்.

ஆகவே யாராவது புதியவர் கேட்டால் என் பதில் இது. கோடையில் தட்டுகளைச் சுட்டுக் கையைப் பழக்குங்கள். முதல் சீசனை, விவரம் தெரிந்த ஒருவரோடும் நல்ல நாயோடும் பொது நிலத்தில் நடங்கள்; கூட்டம் வடிந்த வார நாளில், வெயில் சாய்ந்து பறவைகள் புல்லுக்குத் திரும்பும் கடைசி ஒரு மணி நேரத்தில். கிட்டத்தில் எழுந்தால் மட்டும் சுடுங்கள். அடிபட்டுக் கிடைக்காமல் போனதையும் எண்ணிக்கையில் சேருங்கள். அந்த வருடம் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். அதற்கு அப்புறமும் பண்ணைக்குப் போக ஆசை இருந்தால் போய் வாருங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அந்த வரிசையை மாற்றாதீர்கள். முதல் நாளே உத்தரவாதத்தோடு தொடங்கியவருக்கு, வெறுங்கையோடு திரும்புவதை யார் எப்போது சொல்லிக்கொடுப்பது?